பை – ஒன்று

ஐந்தே முக்காலுக்கு வரச் சொல்லியிருந்தேன்.
ஆறேகாலுக்கு ஒன்பது பேர், நான்கு தொலைநோக்கி,
அதில் ஒன்றுக்கு
ஒரு கண்தான் தெரியும்.

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில்
ஐஸ் உடைக்கிற சத்தம்.
அலையாத்தி ஓரமாய் ஒற்றையடியில் நடந்தோம்.
நீர் வற்றும் நேரம்.
சேறு தன் முதுகைக்
கொஞ்சம் கொஞ்சமாய்க் காட்டிக்கொண்டிருந்தது.

சிவப்பு உடுத்தவேண்டாம் என்று
முன்னமே சொல்லியாயிற்று.
ஞானசௌந்தரி டீச்சர் ரோஜா நிறத்தில் வந்திருந்தார்.
"இது சிவப்பில்லையே."
இல்லைதான்.

சபாபதி வந்ததே தவறுதலாக.
சர்க்கரைக்காரர்களின் நடைப்பயிற்சி என்று
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
"எப்போ வேகமா நடப்போம்?"
நடக்கமாட்டோம்,
நிற்பதுதான் இதில் அதிகம் என்றேன்.
திரும்பிப் போக நினைத்தார்.
இறக்கிவிட்ட மருமகன்
அதற்குள் போய்விட்டிருந்தான்.

முதல் பாடம் காகம்.
யாருக்கும் பிடிக்கவில்லை.
"காக்கா பார்க்கவா இவ்வளவு தூரம்?"
கேட்டவர் வீடு நெல்லித்தோப்பில்.
கழுத்தில் சாம்பல் எங்கே தொடங்குகிறது,
எங்கே முடிகிறது, பார்க்காமல் சொல்லுங்கள்.
வருஷக்கணக்காய்ச் சோறு வைக்கிறார்கள்.
ஒன்பது பேரும் அண்ணாந்தார்கள்.

உப்புக்கொத்தி ஓடியது, நின்றது,
யாரோ கூப்பிட்டதாய் நினைத்து,
இல்லை என்று மறுபடி ஓடியது.
பவளக்காலியின் கால்களைப் பார்த்து
டீச்சர் தன் சேலைத் தலைப்பை ஒருமுறை பார்த்தார்.
என்னையும் பார்த்தார்.

அப்போதுதான் நஸ்ரின் கிசுகிசுத்தாள்:
"அங்கே. வெள்ளையா. பெரிசா."

தொலைநோக்கி கைமாறிக்கொண்டே போனது.
கொக்கு என்றார் ஒருவர்.
நாரை என்றார் இன்னொருவர்.
கழுத்தை உள்ளே இழுத்துத் தூங்குகிறது
என்று முடிவானது.

எனக்குத் தெரிந்துவிட்டது.
அலகு என்று அவர்கள் சொன்னது
ஜவுளிக்கடைப் பையின் காது.

சொல்லவில்லை.
பதினோரு வருஷத்துக்கு முன் இதே கழிமுகத்தில்
நான் முதன்முதலாய்
தேதி போட்டு நோட்டில் எழுதிய பறவையும்
காற்றில் உப்பிக் கிளம்பி
வேலிக்கருவையில் மாட்டிக்கொண்டதுதான்.

ஏழு நிமிஷம்.
யாரும் இருமவில்லை. போனை எடுக்கவில்லை.
நண்டுகள் வளைவிட்டு வெளியே வந்து
எங்கள் செருப்போரம் மேய்ந்தன.
அவற்றுக்கு நாங்கள் மரமாகியிருந்தோம்.

பிறகு காற்று வந்தது.
கொக்கு சரிந்து படுத்தது.
வயிற்றில் "ஸ்டோர்ஸ்" என்று மட்டும் தெரிந்தது.
ஒருவர் சிரிக்க, இன்னொருவர் சிரிக்க,
சபாபதி பஸ்ஸை நிறுத்துவதுபோல்
கையை உயர்த்தினார்.

"பையை விடுங்க.
பக்கத்துல சேறு நடக்குது."

சேறுதான் நடந்தது,
மூன்று அடி.
பிறகு தனக்குள்ளிருந்து
கோணி ஊசி மாதிரி
நீண்டு வளைந்த ஓர் அலகை உருவி
நண்டு வளைக்குள்
கண்வரைக்கும் செலுத்தியது.

குதிரைமலைக் கோட்டான் என்றேன்.
கோட்டான்னா ஆந்தையில்லையா என்றார் டீச்சர்.
ஆந்தையில்லை. இங்கே குதிரையுமில்லை, மலையுமில்லை.
பெயர் அப்படி வந்து சேர்ந்திருக்கிறது.

"எங்கேருந்து வருது?"
பனி பெய்கிற ஊரிலிருந்து.
எந்த ஊர்ப் பனி என்று எனக்குத் தெரியாது, நஸ்ரின்.
"இங்கே எதுக்கு?"
இந்தச் சேற்றுக்கு.

சாக்கடை கலந்து நாறுகிற அதை
எல்லோரும் ஒருமுறை
புதிதாய்ப் பார்த்தார்கள்.
மூக்கைப் பொத்திக்கொண்டுதான்.

எட்டரைக்கு ஒரு விசைப்படகு உறுமிக் கிளம்ப
திட்டு முழுக்க எழுந்து பறந்தது.
கோட்டான் தன் பெயரில் இல்லாத ஏதோ ஒன்றை
இரண்டு முறை கூவிவிட்டுத்
தெற்கே போனது.

டீச்சர் முத்து முத்தாய்ப் பட்டியல் எழுதியிருந்தார்.
காகம் – எண்ணவில்லை.
உப்புக்கொத்தி – பதினான்கு.
பவளக்காலி – ஆறு.
கோட்டான் – ஒன்று.
பை – ஒன்று.
"கடைசியை அடிச்சிடவா?"
இருக்கட்டும் என்றேன்.

பாலத்தருகே மருமகன் வந்து
ஹாரன் அடித்தான்.
மறுபடி அடித்தான்.
சபாபதி திரும்பவில்லை.
வெறும் சேற்றைப் பார்த்தபடி
"உஸ்" என்றார்.